துண்டு மாமா செங்கல்பட்டு தாண்டிய கதை

ரயில் ஜன்னலுக்குக் கம்பி வைத்தவர்கள் என்ன உத்தேசத்தில் வைத்தார்களோ எனக்குத் தெரியாது. துண்டு மாமாவைக் கேட்டால், இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு துண்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்களே, அதற்காகத்தான் என்பார். எழும்பூரிலிருந்து தெற்கே போகிற வண்டி எதுவானாலும், அது பிளாட்பாரத்தில் நிற்பதற்கு முன்னால் அவருடைய துண்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். இந்த வித்தையில் அவருக்கு ஈடான மனிதர் இந்தியாவிலேயே கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர நான் தயார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் இருந்தோம். இருந்தோம் என்றால் நானும், புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி செல்வியும். எதிர் வீட்டில் மாமாவும் மாமியும். மாமா ஏதோ அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவருடைய நிஜப் பெயர் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. குடிவந்த அன்றே வாட்ச்மேன் எனக்கு விவரம் சொல்லிவிட்டார்.

"எதிர்ல துண்டு சாமி வூடு கீது சார். தங்கமான மனுசன். ஆனா மொட்டை மாடில துணி காயப்போடணும்னா அவருக்கு முன்னாடி எழுந்துக்கோ. கொடி பூரா துண்டு போட்டு வெச்சிடுவாரு."

அது வெள்ளை ஈரிழைத் துண்டு, பச்சைக் கரை. ஒரு முனையில் எப்போதும் முடிச்சு இருக்கும். முடிச்சுப் போட்டால்தான் காற்றில் நேராகப் போகும், இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியிலேயே சுற்றிக்கொண்டு மானத்தை வாங்கிவிடும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அந்தத் துண்டு மந்தைவெளியில் பஸ் திரும்பும்போதே சீட்டில் விழும். ரேஷன் கடை வரிசையில் அவர் சார்பாக நிற்கும். டிசம்பர் மாதம் மயிலாப்பூர் சபாக்களில் மத்தியான இலவசக் கச்சேரிக்கு முன் வரிசையில் நாலு நாற்காலியை அணைத்தபடி படுத்திருக்கும். ஒரு துக்க வீட்டுக்கு நாங்கள் சேர்ந்து போனோம். ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஃபேனுக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் பச்சைக் கரை தெரிந்தது.

தி.நகரில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்திக்கு அவர் துண்டு போட்டுவிட்டுக் கை அலம்பப் போனார். போன இடத்தில் யாரோ பழைய ஆபீஸ் நண்பர் பிடித்துக்கொள்ள, பேச்சு நீண்டுவிட்டது. பரிமாறுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? துண்டுக்கு முன்னால் இருந்த நாலு இலைகளிலும் பாயசம் வரைக்கும் பரிமாறிவிட்டார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் இடமில்லாமல் தூணோரம் நின்றுகொண்டு அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அதை எடுக்கத் தைரியம் வரவில்லை.

"துண்டை எடுத்துட்டு உக்காரலாமே சார்" என்றேன் அவரிடம்.

"யார் துண்டோ? எடுத்தா நன்னாயிருக்குமா?" என்றார்.

அவ்வளவுதான் மாமாவின் பலம். நம் ஜனங்கள் எதற்குப் பயப்படாவிட்டாலும் இன்னொருவர் போட்ட துண்டுக்குக் கட்டுப்படுவார்கள். வேண்டுமானால் திட்டுவார்கள், ஆனால் எடுக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ரயிலில் முன்பதிவு என்றாலே ஆகாது. யாராவது அவரிடம் "ஊருக்குப் போறோம் மாமா, ரிசர்வ் பண்ணியாச்சு" என்று சொன்னால், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பதைக் கேட்டவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். "ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்வார்.

இந்த நிலையில்தான் திருநெல்வேலியில் மாமியின் அண்ணாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாமிக்கு ஒரே அண்ணா. பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அதற்குள் மாமிக்கு முழங்கால் வலி வந்து, மாடிப்படி ஏறுவதற்கே நடுவில் ஒருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாமி சாதாரணமாக அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"இந்தத் தடவை நான் படுத்துண்டுதான் போவேன். ரிசர்வேஷன் இருந்தா வரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போய் அண்ணாவுக்கு நமஸ்காரம் பண்ணிட்டு வாங்கோ."

"உனக்கு எத்தனை எடம் வேணும் சொல்லு. ஒரு பெஞ்ச் முழுக்கத் துண்டு போட்டுத் தரேன்" என்றார் மாமா.

"துண்டு மேல நான் படுத்துண்டா, ஜனங்க என் மேல உக்காந்துப்பா."

அன்று முதல் எங்கள் கட்டடத்தில் முன்பதிவு செய்யலாமா வேண்டாமா என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. மாடியில் இருந்த வக்கீல் செய்யலாம் என்றார். கீழ் வீட்டு டீச்சர், இன்னுமா செய்யவில்லை என்றார். மாமா எல்லோருடைய கருத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் காலை மாம்பலம் ஸ்டேஷன் முன்பதிவு கவுன்ட்டருக்குப் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பினார். கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம். மறு நாளும் போனார். அன்றைக்குப் பேனாவில் மை இல்லையாம்.

மூன்றாவது தடவை மாமி என்னைத் துணைக்கு அனுப்பினார். என் ஸ்கூட்டரில் போனோம். வரிசையில் தன் துண்டை மடித்து ஒரு பையின் மேல் வைத்துவிட்டு மாமா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் நின்றவர்கள் பையைக் காலால் தள்ளித் தள்ளி, துண்டு கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளே இருந்த அம்மா, "அடுத்து யாருங்க? துண்டுக்காரர் வாங்க" என்று கூப்பிட்டார். மாமா எழுந்து போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க அடுத்தவாளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வா, காபி சாப்பிடலாம்."

காபி வந்தது. ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ரிசர்வ் பண்றதுன்னா என்ன அர்த்தம்னு நினைக்கறே? ரெண்டு மாசம் கழிச்சு இந்தத் தேதில நான் உசிரோட, ஒடம்பு நன்னா, வேற எந்தத் தொல்லையும் இல்லாம இருப்பேன்னு கவர்மென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கறது. மேல இருக்கறவன் அதைப் படிச்சா சிரிக்க மாட்டானா?"

"எல்லாரும்தானே மாமா பண்றாங்க?"

"எல்லாருக்கும் பலிக்கும். எனக்குப் பலிக்காது." டம்ளரைக் கீழே வைத்தார். "கல்யாணம் ஆன வருஷம், தலை தீபாவளிக்கு ரிசர்வ் பண்ணினேன். மழையில தண்டவாளம் அரிச்சுண்டு போயிடுத்து. அவ புதுப் புடவையை மடியில வெச்சுண்டு அழுதா. அப்புறம் அவ அம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னு லெட்டர் வந்தது. சனிக்கிழமைக்கு ரிசர்வ் பண்ணினேன். வியாழக்கிழமை தந்தி வந்துடுத்து. அன்னிக்கே அன்ரிசர்வ்டுல ஏறி, நின்னுண்டே போனோம். அதுதான் எங்களைக் கொண்டு போய்ச் சேர்த்தது. அதுக்கப்புறம் ரிசர்வேஷன் கவுன்ட்டர் பக்கம் போனாலே கை ஓடலை. எனக்கென்ன, திருநெல்வேலி வரைக்கும் ஒத்தைக் கால்ல நிப்பேன். டிக்கெட் கேன்சலாகி அவ மறுபடி அழுதா என்னால பார்க்க முடியாது."

அதுவரை நான் இந்த மனிதரை ஒரு வேடிக்கையாக மட்டும்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு அது மாறியது. காபிக்கு நானே காசு கொடுத்தேன், அவர் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போயிருந்த சமயம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் திருநெல்வேலி வண்டிலதானே மதுரைக்குப் போறேள்?" என்றார் செல்வியிடம். செல்விக்குப் பிறந்த வீடு மதுரை. அதே வாரம் போவதாக இருந்தோம். "உங்களோட சேர்த்து எங்களுக்கும் பண்ணிடுங்கோ. அவர்கிட்ட மூச்சு விட வேண்டாம். வண்டி செங்கல்பட்டு தாண்டட்டும், நானே சொல்லிக்கறேன். அதுக்கு மேல எந்தக் கிரகமும் ஒண்ணும் பண்ண முடியாது."

சரி என்று காகிதத்தை எடுத்தேன். மாமி பெயர் கோமதி. எழுதினேன்.

"மாமா பேர் என்ன மாமி?"

மாமி சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. இனிமேலும் சொல்வதாக உத்தேசம் இல்லை. கட்டடத்தில் யாருக்கும் ஏன் அவர் பெயர் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"சீர்காழிக்குப் பக்கத்துல, நாடி ஜோசியம் பார்ப்பாளே, அந்த ஊர்ல இருக்கற ஸ்வாமி" என்றார்.

செல்வி உடனே, "வைத்தீஸ்வரன் கோயில்" என்றாள்.

"அப்ப மாமா பேர் வைத்தீஸ்வரனா?" என்றேன்.

மாமி ஒரு நிமிஷம் யோசித்தார். "ஸ்வாமி அவர்தான்" என்றார். போதும் என்று நானும் எழுதிவிட்டேன்.

கிளம்புகிற நாளும் வந்தது. எங்களுக்குத்தான் ரகசியம். மாமாவுக்கு அது வழக்கமான போர்க்களம். காலையிலேயே போய் இரண்டு அன்ரிசர்வ்டு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார். ஆட்டோவில் எழும்பூர் போகிற வழியெல்லாம் துண்டு முனையில் முடிச்சைப் போட்டுப் போட்டு அவிழ்த்தார்.

"இன்னா சாமி, மாட்டைக் கட்டப் போறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எடத்தைக் கட்டப் போறேன்" என்றார் மாமா.

பிளாட்பாரத்தில் வழக்கம்போல என்ஜின் பக்கமாக ஓடப் பார்த்தவரை மாமி நிறுத்தினார். "போர்ட்டர் சொன்னான், இன்னிக்கு அன்ரிசர்வ்டு பொட்டி நடுவுல வருதாம். இங்கேயே நில்லுங்கோ." எந்தப் போர்ட்டரும் எதுவும் சொல்லவில்லை. அத்தனை சாதுவான மாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அப்படிச் சொன்னது செல்விக்கே திகைப்பாக இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். களத்தில் இறங்கும்போது அப்படித்தான் செய்வார். கூட்டத்தில் இரண்டு கண்ணாடிகளைப் பறிகொடுத்தவர். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பெட்டியும் தெரியாது, பெட்டியில் எழுதியிருப்பதும் தெரியாது. ஜன்னல் மட்டும் எப்படியோ தெரியும்.

வண்டி ஊர்ந்து உள்ளே வந்தது. நான் முதலில் தொற்றி ஏறி, மாமாவுக்கும் மாமிக்கும் எடுத்திருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஜன்னல் ஷட்டரை உயர்த்தினேன். மற்ற ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. திறந்த ஜன்னல் அது ஒன்றுதான். வெளியே மாமா வண்டியோடு ஓடி வந்தார். துண்டு பறந்து வந்து என் முகத்தில் சப்பென்று அடித்துவிட்டுச் சீட்டில் விழுந்தது. அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக அவர் போட்டதில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவருக்கு ஒரே பெருமை.

"பார்த்தியா, கூட்டமே இல்லை. ரிசர்வ் ரிசர்வ்னு அடிச்சுண்டேளே" என்றார். எதிரே வந்து உட்கார்ந்த ஒருவரிடம், "தாராளமா உக்காருங்கோ, நான் தள்ளிக்கறேன்" என்றார். அந்த மனிதர் தன் டிக்கெட்டை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

நாங்கள் பக்கத்துத் தடுப்பில் இருந்தோம். தாம்பரம் போனது. செங்கல்பட்டு வரட்டும் என்று மாமி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். மாமா கம்பீரமாகத் தன்னுடைய இரண்டு டிக்கெட்டுகளை நீட்டினார்.

"இது ஸ்லீப்பர் கோச் சார். செங்கல்பட்டுல இறங்கி அன்ரிசர்வ்டுக்குப் போயிடுங்க."

"துண்டு போட்டிருக்கேனே."

"துண்டெல்லாம் இங்க செல்லாது. இந்த இடம் வைத்தீஸ்வரன்னு ஒருத்தருக்கு ரிசர்வ் ஆகியிருக்கு."

"எங்க அந்த வைத்தீஸ்வரன்? வந்தானா?" மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வர மாட்டான் சார். நான் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்கோ. ரிசர்வ் பண்ணினவனுக்குத்தான் ஏதாவது தடங்கல் வரும். பாவம், என்ன ஆச்சோ அவனுக்கு."

"வரலைன்னா ஆர்.ஏ.சி.யில காத்திருக்கிறவங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்று பரிசோதகர் பேனாவை எடுத்தார்.

நான் டிக்கெட்டோடு ஓடினேன். "சார், சார், அந்த வைத்தீஸ்வரன் இவர்தான்."

"உங்க பேர் என்ன சார்?" என்றார் அவர், மாமாவிடம்.

"வைத்தியநாதன்" என்றார் மாமா.

ஊர் பெயர்தான் வைத்தீஸ்வரன் கோயில், உள்ளே இருக்கிற சுவாமியின் பெயர் வைத்தியநாதர்; சுவாமி அவர்தான் என்று மாமி சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. பரிசோதகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒருத்தர் பேரில் எடுத்த டிக்கெட்டில் இன்னொருத்தரை ஏற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று விளக்க ஆரம்பித்தார். வெளியே கொளவாய் ஏரி தெரிந்தது. செங்கல்பட்டு வந்தேவிட்டது. மாமா ரொம்ப சந்தோஷமாக எழுந்து பையை எடுத்தார்.

"வா கோமு. அடுத்த பொட்டிக்குப் போயிடலாம். அங்கேயும் துண்டு போட்டுக்கலாம்."

மாமி நகரவில்லை. முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் ரிசர்வ் பண்ணச் சொன்னேன்" என்றார் பரிசோதகரிடம். "கோமதின்னு இருக்கே, அது நான். இவர் என் ஆத்துக்காரர். பேர் சொல்றதில்லைன்னு கோயிலைச் சொன்னேன். இந்தப் பிள்ளை அப்படி எழுதிடுத்து."

"அதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க வாயால சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எதிர் சீட்டுக்காரர் பிரித்த சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்படியே வைத்திருந்தார்.

"வைத்தியநாதன்" என்றார் மாமி, ஏரியைப் பார்த்துக்கொண்டு.

பரிசோதகர் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருக்க வேண்டும். வைத்தீஸ்வரனை அடித்துவிட்டு வைத்தியநாதன் என்று எழுதினார். வண்டி செங்கல்பட்டில் நின்று, கிளம்பியும் விட்டது. மாமா பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ரிசர்வ் பண்ணியிருக்கா?" என்றார் மெதுவாக.

"ஆமா மாமா" என்றேன்.

"சார், இனிமே இதைக் கேன்சல் பண்ண முடியுமோ?"

"வண்டியில உக்காந்திருக்கீங்க. இனிமே எதைக் கேன்சல் பண்றது?" என்றார் பரிசோதகர்.

"நிஜமா முடியாதே?"

"முடியாது சார்."

"அப்ப சரி" என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமியின் பக்கம் சாய்ந்து, "இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

"அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ரிசர்வ் பண்ணணும்" என்றார் மாமி.

காலையில் மதுரையில் நானும் செல்வியும் இறங்கினோம். பகலில் பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்கள் முன்பதிவுப் பெட்டி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள், கிடைத்த பெட்டியில் ஏறிவிடுவார்கள். அன்றும் ஒரு பெரிய கூட்டம் எங்கள் பெட்டி வாசலை நோக்கி வந்தது. வாசலில் இரண்டு கைகளாலும் வழியை மறித்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

"இது ரிசர்வ்டு கோச். அடுத்த பொட்டிக்குப் போங்கோ. சத்தம் போடாதேங்கோ, உள்ள அவ தூங்கறா."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மாமி காலை நீட்டிப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலிக்கிற முழங்காலுக்கு அடியில் அந்தத் துண்டு, முடிச்சு அவிழ்த்து, நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி நகர்ந்தபோது செல்வி கையை ஆட்டினாள். மாமா பதிலுக்குக் கை ஆட்டவில்லை. ஆட்டினால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்களே.

அறுபதாம் கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணாவும் தங்கையும் நாலு நாள் விடாமல் பேசினார்களாம். அதற்கப்புறம் மாமா முன்பதிவுக்கு மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். அவர் மாறவில்லை. மாமி வருகிற பயணத்துக்கு மட்டும் என்னிடம் வந்து, "எனக்குத் தெரியாம ஏதாவது பண்ணேன்" என்பார். பண்ணுவேன். அவரும் தெரியாதவர் போலவே வந்து துண்டு போடுவார்.

இப்போது நான் எங்கே போனாலும் முன்பதிவு செய்துகொண்டுதான் போகிறேன். ஏதாவது ஒரு ஸ்டேஷனில், ஜன்னல் வழியாக யாரோ ஒருவருடைய துண்டு என் பக்கத்தில் வந்து விழுகிறது. செல்வி என்னைப் பார்க்கிறாள். நான் அதை எடுத்துப் போடுவதில்லை. கரை பச்சையா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.